நீல மூடியைத் திறக்கவும்

1

இந்தக் கதை நாற்பது நொடித் தொலைபேசி அழைப்பு ஒன்றிலிருந்து வந்தது. அந்த அழைப்பு என் தவறிலிருந்து வந்தது.

நான் செய்முறைத் தாள்கள் எழுதுகிறேன். மிக்ஸி, தண்ணீர் வடிகட்டி, மடக்குக் கட்டில். பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் தூக்கிப் போடுவார்களே, அந்தத் தாள். கதைகளும் எழுதுகிறேன். அவற்றை யாரும் தூக்கிப் போடுவதில்லை. வாங்கினால்தானே போடுவதற்கு.

சென்ற மாதம் ஒரு வாகன உதிரிபாகக் கடை என்னிடம் தாள் கேட்டது. டீசல் வேன்களில் டீசல் டாங்க் தவிர இன்னொரு சிறிய டாங்க் இருக்கிறது. யூரியா கரைத்த மிகச் சுத்தமான நீரை அதில் ஊற்ற வேண்டும். புகையில் இருக்கும் நச்சை அது குறைக்கும். ஓட்டுநர்கள் சுருக்கமாக ‘யூரியா’ என்கிறார்கள். பத்து லிட்டர் கேனில் வருகிறது. அதைப் பாதுகாப்பாக ஊற்றுவது எப்படி என்று ஏழு வரிகள் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரி இது:

நீல மூடியைத் திறக்கவும்.

நான் எந்த வேனையும் போய்ப் பார்க்கவில்லை. படம் பார்த்தேன். படத்தில் மூடி நீலமாக இருந்தது.

சந்தேகம் இருந்தால் கடைக்காரர் கூப்பிடட்டும் என்று அடியில் என் எண்ணைக் குறித்திருந்தேன். அவர் அதையும் சேர்த்து அச்சடித்துவிட்டார். மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் இரண்டு கேன் கேட்டார். ஒருவர் டயர் இருக்கிறதா என்றார். மூன்றாவதாக ஒரு பெண்.

“யூரியா பேப்பர்ல இருக்கற நம்பர் இதுதானே?”

“ஆமாங்க.”

“நீல மூடின்னு போட்டிருக்கு. நீல மூடியத் தொறந்துதான் ஊத்தினேன். டீசல் வாடை அடிக்குதுங்க.”

“எவ்வளவு ஊத்தினீங்க?”

“பாதி கேன்.”

“சாவி போட்டீங்களா?”

“இல்ல.”

“போடாதீங்க. சும்மா திருப்பிக்கூடப் பாக்காதீங்க. யாரையும் போட விடாதீங்க.”

 “யாரையுமா?” என்றாள். தொடர்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவள் யார், எந்த வண்டி, பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ‘யாரையுமா?’ என்ற ஒரு சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. கீழே வருவது எல்லாம் அதை வைத்து நானாகக் கட்டியது.

[குறிப்பு: சாவி ஏன் கூடாது? டீசலில் யூரியா கலக்காது. கனமானது, டாங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பிய உடனே, எஞ்சின் ஓடாவிட்டாலும்கூட, பம்ப் அதை இழுக்கத் தொடங்கிவிடும். அதுவரை இது டாங்கைக் கழுவுகிற வேலை. அதற்குப் பிறகு பம்ப், குழாய்கள், எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் ஊசிகள் என எல்லாம் போகும். வண்டி வாரக்கணக்கில் படுத்துவிடும். இதை நான் படித்திருந்தேன். தாளில் இடம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.]

2

தொடக்கம் ஒன்று:

வேனின் பக்கவாட்டில் காலை வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது அவள்—

வேண்டாம். இந்த வெயில் எல்லார் கதையிலும் ஏறுகிறது.

தொடக்கம் இரண்டு:

மனைவி கேனுடன் நிற்பதைப் பார்த்ததும் அவன்—

யாரையுமா என்று அவள் கேட்டால், சாவி வேறு யாரிடமோ இருக்கிறது. அது கணவன் என்றுதான் முதலில் எழுதினேன். வந்ததும் கத்தத் தொடங்கினான். கத்தி முடிக்க இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டான். அதற்குள் கதை அவனுடையதாகிவிட்டது. அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்பினேன். [கதையில் ஆண்களைக் கப்பல் ஏற்றுவது எளிது. விசா வேண்டியதில்லை.]

அவன் போன பிறகு வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவன் மனைவி, அவன் தங்கை. மனைவியிடம் சாவியைக் கொடுத்தேன். தங்கையிடம் கேனைக் கொடுத்தேன்.

தொடக்கம் மூன்று:

அந்த வேனுக்குள் அண்ணி வைத்ததுதான் சட்டம்.

இது நிற்கும். இதிலிருந்து போகிறேன்.

3

அண்ணிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினோரு ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறாள். வாரம் மூன்று நாள், சிறுநீரகம் செயலிழந்த ஆறு பேரை வீடு வீடாகப் போய் ஏற்றி, இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் இறக்குவாள். நான்கு மணி நேரம் அங்கேயே காத்திருப்பாள். மறுபடி ஏற்றி, வீடு வீடாக இறக்குவாள். ஒரு நாள் வண்டி வராவிட்டால் அந்த ஆறு பேரின் உடம்பிலும் தண்ணீர் தேங்கும். ஆகவே வண்டி வராத நாள் என்று ஒன்று இருந்ததில்லை.

நாத்தனாருக்கு இருபத்தொன்பது. சக்கர நாற்காலிகளை மடிப்பாள், விரிப்பாள், கதவைத் திறப்பாள், மூடுவாள். இரண்டு வாரத்துக்கு முன் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். ஆட்களைத் திரும்ப விடும் சாயங்கால நடைக்காவது வண்டியைத் தரச் சொல்லி அண்ணியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணி “பாக்கலாம்” என்கிறாள். அந்த வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் கிடையாது என்று பொருள்.

அச்சடித்த எதையும் நாத்தனார் முழுக்கப் படிப்பாள். மாத்திரை அட்டை, பால் கவர், பூச்சி மருந்து டப்பா. அதனால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் டீச்சர்.

அண்ணி எதையும் படிக்கமாட்டாள். எல்லாம் தலைக்குள் இருக்கிறது. அங்கேதான் தகராறு.

சென்ற ஆண்டு டீசல் டாங்கின் கறுப்பு மூடி தொலைந்துபோனது. பழைய சாமான் கடையில் பொருந்தி வந்த ஒரே மூடி நீலம். அண்ணி அதைப் போட்டுக்கொண்டாள். பிறகு யூரியா மூடியின் பிடி உடைந்தது. அது பிறவியிலேயே நீலம். அண்ணி அதன்மேல் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினாள். இரண்டு டாங்கின் வாயும் வேனின் பக்கவாட்டில் ஒரே சிறு கதவுக்குப் பின்னால், பக்கத்தில் பக்கத்தில். நீலம் டீசல். கறுப்பு யூரியா. உலகத்தில் எல்லா வேன்களுக்கும் நேர் தலைகீழ். ஊற்றுவது எப்போதும் அண்ணிதான். எனவே யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

கதைக்காகச் செய்த ஜோடனை என்று நினைப்பீர்கள். உங்கள் சமையலறையில் ‘சர்க்கரை’ என்று எழுதிய டப்பாவில் இப்போது என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

4

அன்று காலை ஆறு பேரும் ஏறியாகிவிட்டது. ஓட்டுநருக்கு முன்னால் இருந்த சிறு திரையில் மஞ்சள் எழுத்து எரிந்தது. டீச்சர் பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் படித்தாள்.

“அண்ணி, யூரியா நிரப்பு, எழுபது கிலோமீட்டருக்கு அப்புறம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதுங்குது.”

“அது அப்படித்தான் பயமுறுத்தும். போன தடவையும் பயமுறுத்துச்சு.”

“இப்ப அங்க போக முப்பத்தஞ்சு. திரும்ப இவங்கள விட முப்பத்தஞ்சு. சரியா எழுபது.”

“சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன?”

“அதுக்கு மேல எங்க நிறுத்தினாலும் அதோட சரி. மறுபடி எடுக்காது.”

“அதான் கேன் வாங்கிப் பின்னாடி போட்டிருக்கேன்ல. ஞாயித்துக்கிழமை ஊத்திக்கறேன். நீ உன் பால் கவரப் படி.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர். ஆறு பேரில் அவர்தான் பேசுகிறவர்.

“டீச்சரம்மா சொல்றது சரிதாம்மா. கணக்குல பிசகு இல்ல.”

“நீங்க சும்மா வாங்க சார். பாதி வழில நின்னா உங்களத்தான் தள்ள விடுவேன்.”

“தள்ளலாம். சுத்திகரிப்பு முடிஞ்சு வரும்போது சொல்லு. போகும்போதுன்னா தண்ணி பாரம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எழுபது அறுபத்தெட்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

மையத்தின் வண்டி நிறுத்துமிடம். ஆறு பேரும் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். அண்ணி டீ வாங்கப் போயிருக்கிறாள். டீச்சர் கேனோடு வந்த தாளை முழுவதும் படித்தாள். இரண்டு முறை.

அவளை இங்கே குறை சொல்ல முடியவில்லை. நான் எழுதிய ஏழு வரிகளில் ஒன்றைக்கூட அவள் தாண்டவில்லை. எஞ்சின் அணைந்து சூடு ஆறிய பிறகே தொட்டாள். மையத்துச் செவிலியிடம் கையுறை கேட்டு வாங்கினாள். கேனின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தாள், தேதி பார்த்தாள். வேறு எதற்கும் பயன்படுத்தாத புதுப் புனலை எடுத்தாள். சிந்தினால் உடனே துடைக்கத் தண்ணீரும் துணியும் பக்கத்தில் வைத்தாள். காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து உலோகத்தை அரிக்கும் என்று ஆறாவது வரியில் எழுதியிருந்தேன்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். ஒரு கறுப்பு. ஒரு நீலம்.

நீல மூடியைத் திறந்தாள்.

ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். கை வலித்தபோது நிறுத்தி, புனலை வெளியே எடுத்தாள். அதன் நுனியிலிருந்து டீசல் வாடை அடித்தது. வேறு எங்கிருந்தோ வருகிறது என்று முதலில் நினைத்தாள். குனிந்து டாங்கின் வாயை முகர்ந்தாள்.

பிறகு அந்தத் தொலைபேசி அழைப்பு. அதை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ‘யாரையுமா?’ என்று கேட்டபோது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. தூரத்தில் அண்ணி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் டீக் கோப்பை. சுண்டுவிரலில் சாவி வளையம்.

6

இந்த இடத்தில் நான்கு நாள் நின்றேன்.

அவளால் என்ன செய்ய முடியும்?

பொய் சொல்லலாம். பேட்டரி போயிடுச்சு அண்ணி, மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஆனால் அண்ணி நம்பமாட்டாள். சாவியைப் போட்டுப் பார்ப்பாள். பொய் உடையும்போது பம்பும் போகும்.

பேசாமல் இருக்கலாம். அண்ணி சாவியைத் திருப்புவாள். வண்டி இரண்டு தெரு தாண்டி இருமி நிற்கும். கலப்பட டீசல் என்று பங்க்காரனைத் திட்டுவார்கள். டீச்சரும் சேர்ந்து திட்டுவாள். வேன் பட்டறைக்குப் போகும். ஆறு பேருக்கும் வேறு வண்டி தேட வேண்டும். யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டிருந்த சாயங்கால நடை மட்டும் பத்திரமாக இருக்கும், ஓட்ட வண்டியில்லாமல்.

இதை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நன்றாக வந்தது. நம்பும்படி இருந்தது. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, இதுதான் வாழ்க்கை என்றார்.

கிழித்துவிட்டேன். காரணம் ஒன்றுதான். மறைக்க நினைக்கிறவள் எனக்கு எதற்குக் கூப்பிட வேண்டும்? தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்து, முன்பின் தெரியாத ஆளிடம், நான்தான் ஊற்றினேன் என்று சொன்னவள் அவள். என்னிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். இனி இரண்டாவது முறை.

இரண்டாவது முறைதான் கஷ்டம். அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

7

“என்னடி டீச்சர், பேயறைஞ்ச மாதிரி நிக்கற? இந்தா, பிடி.”

டீச்சர் கோப்பையை வாங்கவில்லை. “அண்ணி, வண்டிய எடுக்காதீங்க.”

“எடுக்கல. ஏசிய மட்டும் போடறேன். உள்ள அவிஞ்சு கிடக்கு.”

அண்ணி கோப்பைகளை வேனின் மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். டீச்சர் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே புகுந்து நின்றாள்.

“நகரு.”

“மாட்டேன்.”

“என்ன வெளையாட்டு இது? நகருடி.”

“யூரியாவ டீசல் டாங்க்ல ஊத்திட்டேன். அஞ்சு லிட்டர். சாவி போட்டீங்கன்னா பம்பு போயிடும். போடாட்டி ஒண்ணும் ஆகாது.”

 அண்ணியின் குரல் உயர்ந்தது.

“யாருடி உன்னத் தொடச் சொன்னா? நான் கேட்டனா உங்கிட்ட?”

“பேப்பர்ல நீல மூடின்னு—”

“பேப்பரு! பதினோரு வருஷமா இந்த வண்டிய யாரு ஓட்டறது, பேப்பரா?”

“நீங்கதான். நீலம் டீசலுக்குன்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். எங்கிட்டச் சொன்னீங்களா?”

“நீ கேட்டியா?”

“கேட்டா தொடாதம்பீங்க.”

“ஆமா, சொல்லுவேன்! தொட்டுட்டு நிக்கறியே, இப்ப நான் சொன்னது தப்பா?”

டீச்சர் கதவை விட்டு நகரவில்லை.   கண்ணில் தண்ணீர் நின்றது, கால் அசையவில்லை.

அண்ணி வேனைச் சுற்றிப் போனாள். பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் நின்று இரண்டு மூடிகளையும் பார்த்தாள். தன் கையால் போட்ட நீலத்தை. தன் கையால் சுற்றிய கறுப்பு டேப்பை.

‘என் மேலயும் தப்புதான்’ என்று அண்ணி—

இல்லை. ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். அந்த வாக்கியம் அவள் வாயில் ஏறவே மாட்டேன் என்கிறது. பதினோரு ஆண்டுகள் ஒற்றை ஆளாக வண்டியைக் காப்பாற்றியவள். அவளைப் பேச வைக்கும் முயற்சியைக் கைவிட்டு, என்ன செய்கிறாள் என்று பார்த்தேன்.

திரும்பி வந்தாள். சுண்டுவிரலிலிருந்து சாவி வளையத்தைக் கழற்றினாள். நாத்தனாரின் கையுறை போட்ட கையில் வைத்து மூடினாள்.

“இத நீ வச்சுக்க. எங்கிட்ட இருந்தா பழக்கதோஷத்துல போட்டுத் தொலைச்சிருவேன்.”

பிறகு மெக்கானிக்குக்குப் போன் செய்ய நகர்ந்தாள். நான்கு அடி போய்த் திரும்பினாள்.

“டீ ஆறுது பாரு. குடி.”

8

மெக்கானிக் கைப்பம்பும் காலி டிரம்மும் புது டீசலும் எடுத்துக்கொண்டு அங்கேயே வந்தார். வேனைத் தள்ள வேண்டாம், அசைக்கவும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தார். முதல் கேள்வி என்னுடையதுதான்.

“சாவி போட்டீங்களா?”

“இல்ல” என்றாள் அண்ணி.

“எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. தொறந்து பாத்தா பம்புக்குள்ள உப்பு பூத்திருக்கும்.”

“நான் போட்டிருப்பேன். இவ விடல.”

மெக்கானிக் டீச்சரைப் பார்த்தார். அவள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். “நீங்கதான் ஊத்தினதா?” என்று அவர் கேட்கவில்லை. கேட்கவைக்க நினைத்தேன். அவர் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

மூன்று மணி நேரம் ஆனது. டாங்கைக் கடைசிச் சொட்டு வரை இறக்கினார், கழுவினார், வடிகட்டியை மாற்றினார், புது டீசல் ஊற்றினார். இதற்கிடையே அண்ணி தனக்கு ஆகாத இன்னொரு வேன்காரரைக் கூப்பிட்டு, ஆறு பேரையும் வீட்டில் விடச் சொன்னாள். தபால்காரர் ஏறும்போது, “தள்ள வேண்டாமா அப்ப?” என்றார். ஏமாற்றம் போலத்தான் இருந்தது.

மீதி அரை கேன் இருந்தது. டீச்சர் புனலைக் கையில் எடுத்தவள் கீழே போட்டுவிட்டாள். அது டீசலைத் தொட்டிருக்கிறது. யூரியா டாங்கை அதுவே கெடுத்துவிடும். கேனோடு வந்த குழாய் பிளாஸ்டிக் உறைக்குள் பிரிக்காமல் கிடந்தது. அதை மாட்டினாள். கையுறையை மாற்றினாள். கறுப்பு டேப்பில் கை வைத்தவள் நிமிர்ந்தாள்.

“அண்ணி, இதானே?”

“அதான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

அண்ணி வந்து குனிந்து பார்த்தாள். பதினோரு ஆண்டில் முதல் முறையாக, தன் வண்டியின் மூடியில் பொறித்திருந்ததைப் படிக்க டேப்பை உரித்தாள்.

“அதாண்டி. ஊத்து.”

[குறிப்பு: கடைக்காரரிடம் புதுத் தாள் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது வரி இப்போது இது: ‘மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம். மூடியிலும் டாங்கின் வாயருகிலும் எழுதியிருப்பதைப் படிக்கவும். டீசல் வாடை வந்தால் ஊற்ற வேண்டாம்.’ எட்டாவதாக ஒரு வரி சேர்த்தேன்: ‘மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் தொட வேண்டாம். வண்டியை ஓட்டுபவரிடம் உடனே சொல்லவும். சரிசெய்துவிடலாம்.’ கடைக்காரர், “வாங்கறவன் பயந்துடுவான் சார், எட்டாவத எடுத்துடலாம்” என்றார். எடுக்க முடியாது என்றேன். மூன்று நாள் பேசினோம். ‘சரிசெய்துவிடலாம்’ என்பதைத் தடித்த எழுத்தில் போட ஒப்புக்கொண்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.]

9

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, “இப்பப் போட்டுப் பாருங்க” என்றார்.

டீச்சர் சாவியை நீட்டினாள். அண்ணி அதைக் கவனிக்காதவள்போல வேனின் முன்பக்கமாகச் சுற்றிப் போனாள். பக்கத்து இருக்கையில் ஏறினாள். அங்கே உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கையைப் பின்னால் தள்ளினாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

“என்னடி பாத்துக்கிட்டே இருக்க? நாளான்னிக்குக் காலைல ஆறு பேர் வாசல்ல நிப்பாங்க. ஏறு.”

“நானா?”

“இல்ல, பேப்பர் வந்து ஓட்டும்.”

டீச்சர் ஏறினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். சாவியைச் செருகினாள்.

இங்கே நான் நிறுத்த வேண்டும். எனக்குக் கூப்பிட்ட பெண் மறுபடி கூப்பிடவில்லை. டாங்கின் ஏதோ ஒரு மூலையில் ஒரு தேக்கரண்டி யூரியா தங்கியிருக்கலாம். தங்காமலும் இருக்கலாம். பார்க்காத வேனைப் பற்றி உறுதியாக ஒரு வரி எழுதி என்ன நடந்தது என்று பார்த்துவிட்டேன். இரண்டாவது முறை செய்யமாட்டேன்.

இரண்டு வாக்கியங்களையும் வைத்துவிட்டுப் போகிறேன்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் ஓடியது. அண்ணி கையால் முன்னே காட்டினாள்.

எஞ்சின் ஓடவில்லை. “அவசரப்படாத, இன்னொரு தரம் போடு” என்றாள் அண்ணி.

ஒன்றை நீங்கள் அடித்துவிடலாம். எதை அடித்தாலும் ஓட்டுநர் இருக்கையில் டீச்சர்தான், கவனித்தீர்களா? அதை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன். மற்றதற்குப் பென்சில் போதும்.